மார்கோஸ்: இந்தியக் கடற்படைக் கமாண்டோக்கள்

இந்தியக் கடற்படையின் சிறப்புப் படை. 1987 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தளம் மும்பையின் ஐ.என்.எஸ். அபிமன்யு.

இதன் வேர் 1971 வங்கதேச விடுதலைப் போரில் இருக்கிறது. பிளாசி அருகே பாகீரதி ஆற்றில் வங்காள இளைஞர்களுக்கு இந்தியக் கடற்படையினர் முக்குளிப்புப் பயிற்சி தந்தனர். கல்கத்தா வானொலியில் குறிப்பிட்ட இரண்டு பாடல்கள் ஒலிப்பதே தாக்குதலுக்கான சமிக்ஞை. ஆகஸ்ட் 15 நள்ளிரவை ஒட்டி, மார்பில் கட்டிய காந்தக் கண்ணிவெடியும் கத்தியும் கால் துடுப்புமாக அந்த இளைஞர்கள் சிட்டகாங், மோங்லா துறைமுகங்களில் நீந்தினர். கப்பலின் அடிப்பகுதியில் படிந்த பாசியைக் கத்தியால் சுரண்டினால்தான் காந்தம் ஒட்டும். வீரக்கதைகள் சொல்ல மறக்கும் இந்தப் பொறுமைதான் இத்தொழிலின் உயிர். 1941இல் அலெக்சாண்டிரியாவில் ஆறு இத்தாலிய முக்குளிப்பாளர்கள் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கியதும் நீருக்கடியில் அணுகித்தான்; ஆனால் அவர்கள் மனிதர் ஓட்டும் டார்பிடோக்களில் சென்றனர்.

புதிய படையின் முதல் பெரிய சோதனை தமிழ் மண்ணில் நேர்ந்தது. 1987 அக்டோபரில், விடுதலைப் புலிகளின் கையிலிருந்த யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையை 18 கமாண்டோக்கள் தகர்த்தனர். மர வல்லங்களின் பின்னே ஜெமினி ரப்பர் படகுகளைக் கட்டி இழுத்து வந்து, கடைசித் தொலைவை வெடிபொருளுடன் நீந்திக் கடந்தார்கள். தலைமை தாங்கிய லெப்டினன்ட் அரவிந்த் சிங் மகா வீர் சக்ரா பெற்றார்.

2008 நவம்பர் பயங்கரவாதத் தாக்குதலின்போது மும்பை தாஜ் ஓட்டலுக்குள் முதலில் நுழைந்த கமாண்டோக்களும் இவர்களே. அங்கே குண்டடிபட்ட பிரவீண் குமார் தியோதியாவுக்குச் சவுர்ய சக்ரா வழங்கப்பட்டது.