பக்தாத் வைத்தியரின் காசுப் பொதி: நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நம்மவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சருக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருட சேவை. கடைசியாக அவர் நேர்முகம் கண்டது முதல் நியமனத்துக்கு. நாற்பது பிள்ளைகள் சத்தம் போட்டாலும் குரல் தடுமாறாதவர், கடிதத்தை வாசித்து முடித்தபோது கை நடுங்கியதைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "போர்டில யார் இருப்பாங்க? அவங்களோட கதைக்கக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா?"

அவரைக் குறை சொல்ல வரவில்லை. எங்களில் யாருக்குக் கடிதம் வந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்போம். ஆனால் வரலாற்றில் இதே கேள்வியோடு ஒருவர் நேர்முகத்துக்குப் போயிருக்கிறார், 1,000 வருடங்களுக்கும் முன்னால். அன்று அந்த டீச்சருக்குச் சொன்ன அந்தக் கதையை இங்கேயும் சொல்கிறோம்.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் அப்பாஸியக் கலீபா அல்-முக்ததிரின் ஆட்சி. ஒரு வைத்தியரின் பிழையால் ஒரு நோயாளி இறந்துபோன செய்தி கலீபாவின் காதுக்கு எட்டியது. உடனே சந்தையையும் தொழில்களையும் மேற்பார்வை செய்யும் முஹ்தஸிபுக்கு உத்தரவு போனது: சோதிக்கப்பட்டுத் தேறாத எவரும் இனி வைத்தியம் செய்யக் கூடாது. சோதிக்கும் பொறுப்பு ஸினான் இப்னு தாபித் என்ற தலைமை வைத்தியரிடம் கொடுக்கப்பட்டது. கணித மேதை தாபித் இப்னு குர்ராவின் மகன் அவர். நகரத்தின் இரு கரைகளிலும் 860க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவர் முன்னால் வந்தார்கள். திறமை ஏற்கெனவே ஊரறிந்ததாக இருந்தவர்களுக்கு விலக்கு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வந்தவர்களில் பலர் புதியவர்கள் அல்ல. இருபது, முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர்கள். திடீரென்று ஒருநாள், நீ யார், என்ன தெரியும் என்று சொல்லு என்று அழைக்கப்படுகிறார்கள். எங்கள் டீச்சரின் நிலைதான்.

அந்த வரிசையில் ஒரு வயோதிபர் வந்தார். நல்ல உடை, கண்ணியமான தோற்றம். ஸினான் அவரை மரியாதையாக அமர வைத்து, மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு, உங்களிடமிருந்து கேட்டுப் பயனடைய ஏதாவது சொல்லுங்கள், யாரிடம் படித்தீர்கள் என்று விசாரித்தார். கிழவர் பதில் சொல்லவில்லை. சட்டைக் கையிலிருந்து ஒரு கடதாசிப் பொதியை எடுத்து ஸினானின் முன்னால் வைத்தார். உள்ளே தீனார்கள். தனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, குடும்பம் இருக்கிறது, இந்தத் தொழிலில்தான் பிழைப்பு ஓடுகிறது, அதை வெட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சினார்.

ஸினான் சிரித்தார். ஒரு நிபந்தனை சொன்னார்: தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, சாதாரண நோய்களுக்கு அன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ கூடாது. கிழவர் உடனே சொன்னார், தொழில் தொடங்கிய நாள் முதல் தன் வழியே அதுதான் என்று. காடியும் தேனும் கலந்த ஸகஞ்சபீன் பாகு, பன்னீரும் இனிப்பும் சேர்ந்த ஜுலாப், இவற்றைத் தாண்டி அவர் எதையும் கொடுத்ததே இல்லையாம்.

மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்று ஸினான் கேட்டார். தகப்பனிடம் என்றான். யார் உன் தகப்பன்? நேற்று உங்களிடம் வந்த அந்தப் பெரியவர். நல்ல மனிதர், நீயும் அவர் வழியா? ஆம். அப்படியானால் அதைத் தாண்டாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்னுல் கிப்தி, இப்னு அபீ உஸைபிஆ ஆகியோரின் வைத்தியர் வரலாறுகளில் வரும் சம்பவம் இது. ஆசிரியர் அறையில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்த பிறகு இரண்டு விடயங்கள் உறுத்தும்.

முதலாவது, காசு முன்னால் வைக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது. ஒரு நோயாளியின் உயிர் போனதால் வந்த சோதனையில், வாசிக்கத் தெரியாத ஒருவர் கெஞ்சிக் கேட்டுத் தப்பிப் போகிறார். அதை நாம் பெருமையாகப் பேச முடியாது. தகுதியானவருக்குப் போக வேண்டிய கதிரை ஆள் பிடித்தவருக்குப் போனதை நாமும் கண்டிருக்கிறோம். அதன் விலையைக் கடைசியில் கொடுப்பது பிள்ளைகள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். அந்தக் கிழவரிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. தனக்குத் தெரிந்ததன் எல்லையை அறிந்து, வாழ்நாள் முழுக்க அதைத் தாண்டாமல் இருந்தவர். ஒரு வைத்தியரிடம் எதிர்பார்க்கும் முதல் தகுதிகளில் ஒன்று அது. ஆனால் வீட்டிலிருந்து புறப்படும்போது அவர் தயார் செய்தது அந்தப் பதிலை அல்ல, காசுப் பொதியை. ஸினான் நிபந்தனை போட்ட பிறகுதான் அந்தப் பதில் வாயில் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அது வெளியே வந்தே இராது.

நீண்ட காலத்துக்குப் பிறகு நேர்முகத்துக்குப் போகும் நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான் என்று நினைக்கிறோம். இருப்பதை மறந்துவிட்டு, இல்லாததைத் தேடி ஓடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு நேர்முகம் அல்குர்ஆனில் இருக்கிறது. ஸூரா யூஸுபை எத்தனையோ தரம் ஓதியிருப்போம். இந்தக் கோணத்தில் ஒருதரம் பாருங்கள். சிறையிலிருந்து விடுதலையாகும் சகவாசியிடம், உன் எஜமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்று யூஸுப் (அலை) கேட்டார்கள். அவன் மறந்துவிட்டான். சிபாரிசு மறக்கப்பட்டது; சிறைவாசம் இன்னும் சில வருடங்கள் நீண்டது. பிறகு அரசன் கண்ட கனவுக்கு விளக்கம் தேவைப்பட்டபோதுதான் அவனுக்கு நினைவே வந்தது. அப்போது அவனுக்கு நினைவு வந்தது சிறையில் யூஸுப் (அலை) விளக்கிய கனவு. வேலையில்லாத காலம் என்று உலகம் நினைத்த அந்த வருடங்களில் செய்த வேலையே அவர்களுக்காகப் பேசியது.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். அரசன் அழைத்தவுடன் அவர்கள் ஓடிப் போகவில்லை. தன் மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். அது தெளிவான பிறகே அரசனுடன் உரையாடல். அங்கே அவர்கள் கேட்டது நாட்டின் களஞ்சியப் பொறுப்பு. அதற்குச் சொன்ன தகுதிகள் இரண்டே: பாதுகாப்பவர், அறிந்தவர். களஞ்சியத்துக்குத் தேவையானவை அந்த இரண்டும்தான். பெருமை பேசவில்லை, பொய்யான பணிவும் காட்டவில்லை.

நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது கேட்ட கேள்விகளும் நமக்குத் தெரிந்தவையே. அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வருகிறது. அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்பது கேள்வி. அல்லாஹ்வின் வேதம். அதில் காணாவிட்டால்? தூதரின் ஸுன்னா. அதிலும் காணாவிட்டால்? என் ஆய்வறிவைக் கொண்டு முயல்வேன். ஒரே கேள்வி மூன்று படியாக இறங்குவதைப் பாருங்கள். எவ்வளவு மனப்பாடம் என்று அங்கே சோதிக்கப்படவில்லை. தெரியாத இடத்துக்கு வந்தால் என்ன செய்வீர் என்பதே சோதனை. இன்றும் நல்ல நேர்முக சபைகள் கடைசியில் வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பிரித்தானிய ஆட்சியில் அரச உத்தியோகம் நீண்ட காலம் சிபாரிசில்தான் போனது. 1854இல் வெளிவந்த நோர்த்கோட்-ட்ரெவெலியன் அறிக்கை, பதவிகளைத் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் கொடுக்க வேண்டும் என்றது. அடுத்த வருடமே இந்திய சிவில் சேவைக்கு அப்படியான பரீட்சை நடந்தது. அந்த முறை இலங்கைக்கும் வந்தது. அதில் தேறி 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் கலாநிதி ஏ.எம்.ஏ. அஸீஸ். பிறகு 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபராக வந்ததும் அவர்தான். கல்வியில் பின்தங்கியிருந்த ஒரு சமூகத்துக்குப் பரீட்சை என்பது எவ்வளவு பெரிய கதவு என்பதற்கு அவரே சாட்சி. சிபாரிசு முறை மட்டுமே இருந்திருந்தால் அந்தக் கதவு நமக்கு எப்போது திறந்திருக்கும்? ஆகவே "யாராவது ஆள் இருக்காங்களா" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட முறையை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

நேர்முகம் பிழையில்லாத தராசு என்றும் சொல்ல மாட்டோம். 1915இலேயே அமெரிக்க உளவியலாளர் வோல்டர் டில் ஸ்கொட் இதைக் காட்டினார். விற்பனை முகாமையாளர்கள் சிலர் ஒரே விண்ணப்பதாரர்களைத் தனித்தனியாக நேர்முகம் கண்டபோது, பெரும்பாலானவர்கள் விடயத்தில் அவர்களுடைய தரப்படுத்தல்கள் ஒத்துப்போகவில்லை. பேசிப் பார்த்து ஆளை எடைபோடுவது அவ்வளவு ஆட்டம் காணும் வேலை. அதனால்தான் பின்னாளில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே தீர்மானித்த புள்ளிகள் என்ற ஒழுங்கு வந்தது. நமது அரச சேவையிலும் இரண்டு வகை இருக்கிறது. பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளி இல்லை. தகைமைகளும் ஆவணங்களும் சரியா என்று பார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையில் புள்ளித்திட்டம் உண்டு. எது என்று தெரியாமலே பயப்படுகிறவர்கள் நம்மில் அதிகம்.

அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் அந்த டீச்சரோடு உட்கார்ந்து செய்தவற்றையும் சொல்லிவிடுகிறோம். யாருக்காவது உதவும்.

முதலில் வர்த்தமானி அறிவித்தலை எடுத்து வரிக்கு வரி வாசித்தோம். எந்த வகை நேர்முகம், எதற்கு எத்தனை புள்ளி, எந்த ஆவணம் தேவை என்று ஒரு தாளில் எழுதினோம். பயத்தில் பாதி அங்கேயே போனது.

இரண்டாவது ஆவணங்கள். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், சான்றிதழ்கள், மூலப்பிரதியும் நிழற்பிரதியும். நம் சமூகத்தில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. பெயருக்கு முன்னால் ஓரிடத்தில் முஹம்மது இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. இதைச் சபைக்கு முன்னால் நின்று விளக்க முயல வேண்டாம். சத்தியக் கடதாசி தேவையா என்று முன்கூட்டியே விசாரித்து முடித்துக்கொள்ளுங்கள். யூஸுப் (அலை) தன் விடயத்தைத் தெளிவாக்கிய பிறகே அரசனிடம் போனார்கள்.

மூன்றாவது, செய்த வேலையில் மூன்று சம்பவங்கள். டீச்சரிடம் கேட்டோம். "நான் என்ன செய்தேன், படிப்பித்தேன், அவ்வளவுதான்" என்றார். விடாமல் கேட்டதில் ஒன்று வெளியே வந்தது. தரம் ஆறுக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத பதினொரு பிள்ளைகளை, காலைக் கூட்டத்துக்கு முன் அரை மணித்தியாலம் வைத்து ஒரு வருடம் படிப்பித்திருக்கிறார். வருட முடிவில் ஒன்பது பேர் வாசித்தார்கள். மற்ற இருவர் ஏன் வாசிக்கவில்லை என்பதையும் அவர் சரியாகச் சொன்னார். பக்கத்து மேசையில் இத்தனை வருடம் இருந்த எங்களுக்கே அது தெரியாது. அதைத் தகுதியாகச் சொல்லலாம் என்று அவருக்கும் தோன்றியதில்லை.

நான்காவது, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல். மனதுக்குள் சரியாக இருக்கும் பதில் வாயில் வரும்போது உடைந்துபோகும். இரண்டு பேர் எதிரே இருந்து கேட்டோம். முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். தெரியாத கேள்விக்கு, தெரியாது, இன்ன இடத்தில் தேடுவேன் என்று சொல்லவும் பழகினார்.

பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டு, இப்போது மறுபடி விண்ணப்பிக்கும் சகோதரிகளுக்கும் இதுவே. பாலர் பாடசாலையில் நின்றது, வீட்டில் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, வயதான மாமியைப் பார்த்துக்கொண்டே ஒரு கற்கைநெறியை முடித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த வருடங்களை மறைக்க வேண்டாம்.

டீச்சர் போய் வந்துவிட்டார். யாரையும் பிடிக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அந்தப் பதினொரு பிள்ளைகளின் கதையைச் சபையின் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ யாருக்காவது அழைப்புக் கடிதம் வந்திருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். அதைவிட நல்லது, ஒரு கதிரையைப் போட்டு எதிரே உட்கார்ந்து, "நீங்க இத்தனை வருஷமும் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழும்ப வேண்டாம்.