எல்லைக்காகக் கப்பலேறிய குடும்பங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கனடாவின் வடகோடியில் அமெரிக்கர்களின் நடமாட்டம் கூடியது. 1947-ல் அங்குள்ள ரெசலூட்டில் இரு நாடுகளும் சேர்ந்து வானிலை நிலையம் அமைத்தன. பரந்து கிடந்த எல்ஸ்மியர் தீவிலோ குடியிருப்பு என்று சொல்ல எதுவுமில்லை. ஆளில்லாத மண்ணுக்கு எப்படி உரிமை கொண்டாடுவது என்ற கவலை தலைநகர் ஒட்டாவாவைப் பிடித்தது.

1953 கோடையில் 'சி.டி. ஹவ்' கப்பல், வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனூயிட் பழங்குடிக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நரித்தோல் விலை சரிந்து அரசு உதவியை நம்பி வாழ்கிறார்கள், வடக்கே வேட்டைக்குக் குறைவில்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். பிடிக்காவிட்டால் இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றும் வாக்களித்தார்கள். சொந்தபந்தங்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் இறக்கப்போகிறார்கள் என்பது நடுக்கடலில்தான் தெரிந்தது. பெண்கள் கதறி அழுததை, அன்று சிறுவனாக அந்தக் கப்பலில் இருந்த ஜான் அமகோவாலிக் பின்னாளில் சாட்சியமாகவே சொன்னார்.

இறக்கிவிடப்பட்ட இடங்களான ரெசலூட்டும் எல்ஸ்மியர் தீவின் கிரைஸ் ஃபியார்டும் ஊரிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே. இனுக்ஜுவாக்கில் பெர்ரிப் பழங்களும் பறவைகளும் உண்டு. கிரைஸ் ஃபியார்டிலோ குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே எழாது. முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தார்கள். எதிரே மேய்ந்த கஸ்தூரி எருதைக் கொல்லச் சட்டம் தடை. ரெசலூட்டில், ராணுவத் தளத்தின் குப்பைமேட்டில் கிளறி எடுத்த மரத்துண்டுகளால் குடிசை கட்டினார்கள், அங்கே கிடந்த மிச்ச உணவையும் தின்றார்கள். ஓர் அரசு தன் குடிமக்களை இப்படி வைத்திருந்தது என்பதை எழுதவே மனம் கொதிக்கிறது.

1955-ல் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஒருவர் ஜோசஃபி ஃபிளாஹெர்ட்டி. இனுக்ஜுவாக் பகுதியில் எடுக்கப்பட்டு 1922-ல் உலகமே கொண்டாடிய 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தின் இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் மகன். தந்தையின் படத்தால் இனூயிட் வாழ்க்கையை உலகம் அறிந்தது. மகன் அனுபவித்த துயரத்தை நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு வாக்குறுதியை அரசு காப்பாற்றவில்லை. பழங்குடியினர் குறித்த அரச ஆணையம் 1994-ல் தந்த அறிக்கை, இந்தக் குடியேற்றத்தில் இறையாண்மை நோக்கமும் இருந்தது என்று கூறியது. 1996-ல் ஒரு கோடி டாலர் அறநிதி வந்தது, மன்னிப்பு வரவில்லை. அதற்கு 2010 ஆகஸ்ட் 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கப்பலேறிய பெரியவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த மன்னிப்பு உரையிலேயே, வடகோடியில் கனடாவின் இருப்பு வலுப்பட்டதில் இந்த ஊர்களுக்குப் பங்குண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது. எல்லையைக் காத்த கணக்கில் முதலில் எழுத வேண்டியது இந்தக் குடும்பங்களின் பெயர்களைத்தான்.