கடன் சிறையில் ஒரு வேத அறிஞர்



தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் 'பப்ரிசியஸ் ஐயர்' என்று மரியாதையோடு சொல்லும் ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். ஐயர் என்றதும் தமிழ்நாட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரிமார்களை அந்நாளில் மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். யோகான் பிலிப் பப்ரிசியஸ் 1711-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார். பின்னர் ஹாலே நகரில் வேத சாத்திரம் பயின்று, 1740-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். இரண்டாண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவர் தாய்நாடு திரும்பவே இல்லை.

வேதாகமம் அவருக்கு முன்பே தமிழுக்கு வந்துவிட்டது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. ஆனால் அதன் தமிழ் பல இடங்களில் கரடுமுரடாக இருந்தது. அதைத் திருத்த உட்கார்ந்த பப்ரிசியஸ், கடைசியில் முழுவதையும் புதிதாகவே எழுதினார். எபிரேய, கிரேக்க மூலங்களை ஒப்பிட்டு எழுதி, எழுதியதைப் படித்தவர், படியாதவர் எல்லாருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவாராம். கேட்பவருக்குப் புரியாவிட்டால் மீண்டும் திருத்துவார். பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித் தரும் நமக்கே அந்தப் பொறுமை வருவதில்லை.

நடுவே போர் வந்தது. 1758-இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது அவர் பழவேற்காட்டுக்குத் தப்பிப் போனார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அங்கே கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரியில் பப்ரிசியஸ் கைக்கு வந்தது. கும்பெனியாரின் வேலையை முதலில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சேறியது. பிரைத்தாப்ட் என்ற பாதிரியாரோடு சேர்ந்து தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது.

இவ்வளவும் செய்தவர் சிறைக்குப் போனார் என்றால் நம்புவீர்களா? நம் தோட்டங்களில் கூட்டுப் பணம் ஒருவரிடம் சேர்வது போல, நம்பிக்கையான மனிதர் என்று பலரும் தங்கள் பணத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதை அவர் வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. அதில் ஒரு காசைக்கூட அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டதாகச் சொல்வாரில்லை. ஆனால் ஒப்படைத்தவர்களின் பணம் போனது போனதுதான். அவர்கள் பட்ட துன்பத்தையும் நாம் மறைக்கக் கூடாது. ஒரு சொல்லைப் பத்து முறை நிறுத்துப் பார்த்தவர், கடன் கேட்டு வந்தவரை ஒரு முறைகூடச் சரியாக நிறுத்துப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கடன்காரராக அந்த முதிய வயதில் சிறையில் அடைக்கப்பட்டார். வேப்பேரிச் சபையின் பொறுப்பு 1788-இல் கெரிக்கே என்பவரிடம் போயிற்று.

பப்ரிசியஸ் 1791 சனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாக அச்சாகிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி வெளிவந்தது 1796-இல்.