தெப்ராவ் நீரிணையின் இரவுத் தோணிகள்

ஓர் ஊரின் பழமையை அதன் தெருப்பெயர்களே எடுத்துரைக்கும் என்பர். பெர்மாஸ் ஜெயாவைப் பொறுத்தவரை அந்த வழி அடைபட்டுக் கிடக்கின்றது. இங்குத் தெருக்களுக்குப் பெரும்பாலும் எண்களே பெயர். ஊரின் வரலாற்றைத் தேடுவோர் தெருவை விட்டு நீரை நோக்கித்தான் நடக்க வேண்டும். மேற்கே தெப்ராவ் ஆறு கடலில் கலக்கின்றது. தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் தெப்ராவ் நீரிணை. கிழக்கே செனிபோங் கரையைத் தாண்டினால் மாசாய் ஆற்றின் முகத்துவாரம். பிளந்தோங், மாசாய் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் பால்மரம் வெட்டிய காலத்திற்கும் முன்பே இந்நீர்ப்பரப்பில் மனித வாழ்வு இருந்தது. அது கரையில் இல்லை, படகில் இருந்தது.

கண்டற் காடு தமிழர்க்குப் புதியதன்று. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கண்டலை நன்கறிவர். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் பிச்சாவரத்துக் கழிகளில் வளரும் ஓர் உவர்நிலத் தாவரமே. அம்மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதனாலேயே மலாய்க்காரர் அதனைப் 'புத்தா-புத்தா' என்கின்றனர்; புத்தா எனில் குருடு. ஒரே மரத்திற்கு ஓரினம் கோயிலூரின் பெயரைச் சூட்டிற்று. மற்றோரினம் எச்சரிக்கையைச் சூட்டிற்று. இருளில் ஓடைக்குள் தோணி செலுத்துபவனுக்கு எந்தப் பெயர் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

வழிகாட்டியின் துணையோடு இரவில் கண்டல் நீரில் கயாக் செலுத்துவது இன்று வெப்பமண்டல நாடுகளில் பெருவிருப்பிற்குரிய பொழுதுபோக்கு. போர்ட்டோ ரிக்கோவின் ஃபஹார்தோ நகரில், கண்டல் மரங்கள் கவிந்த குறுகிய கால்வாய் வழியே துடுப்புப் போட்டு, நீரே ஒளிரும் லகூனா கிராந்தே என்னும் காயலை அடைகின்றனர். அசைவு பட்டதும் ஒளிவிடும் நுண்ணுயிர்கள் அந்நீரில் கோடிக்கணக்கில் உள்ளன. உதிர்ந்து மட்கும் கண்டல் இலைகள் அவை பெருகத் துணைசெய்கின்றன. நம் பக்கத்திலோ, பாசிர் கூடாங்கிற்கு எதிரேயுள்ள ஊபின் தீவின் ஓடைகளில் கயாக் பயணங்கள் நடைபெறுகின்றன. கோத்தா திங்கியில் இரவுப் படகேறி மின்மினி மரங்களைக் காண்கின்றனர். கயாக் என்பது வடதுருவத்துப் பனிக்கடலில் இனுயிட் மக்கள் தோலால் கட்டிய வேட்டைப் படகு. அது வெப்பமண்டலத்துச் சேற்றுக்கு வந்து சேர்ந்தது அண்மைக்காலத்தில்தான். ஆனால் இரவில் கண்டலுக்குள் வழிகாணும் கலை இங்கு வந்து இறங்கியதன்று, இங்கேயே பிறந்தது.

அக்கலைக்கு உரியவர் ஓராங் சிலேத்தார் மக்கள். தம்மைக் 'கோன்' என்று அவர்கள் அழைத்துக்கொள்வர். தீபகற்பத்துப் பூர்வகுடிகளின் 18 பிரிவுகளில் இவர்களும் ஒரு பிரிவினர். நீரிணையின் இரு கரைகளும் இவர்களுக்கு ஒரே வீடாக இருந்தன. ஆங்கிலேய ஆட்சியின் நில அளவையாளராகச் சிங்கப்பூரில் பணியாற்றிய ஜே. டி. தாம்சன் 1847-இல் இவர்களைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ 40 படகுகள், 200 மக்கள் என்பது அவர் தந்த கணக்கு. கூரை வேய்ந்த சிறு படகே ஒரு குடும்பத்தின் இல்லம். அடுப்பும் நாயும் குழந்தைகளும் அதற்குள்ளேயே. அப்படகின் பெயர் 'பாவ் காஜாங்'. தாம்சனின் எழுத்தில் வியப்பும் உண்டு, இழிவாக நோக்கும் பார்வையும் உண்டு. முன்னதை ஏற்று, பின்னதைக் காலத்தின் குறையென ஒதுக்கிவிடலாம் என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடில்லை. அந்தப் பார்வையே பிற்காலத்தில் நிலப்பதிவேடாக வடிவெடுத்தது.

நிலத்தில் நடப்பவனுக்குக் கண்டற் காடு ஒரு மதில். தோணிக்காரனுக்கோ அது நாளொன்றுக்கு இருமுறை திறந்து மூடும் கதவு. ஓதம் ஏறும்போது வேர்களுக்கிடையே வழி பிறக்கும். வற்றும்போது அதே இடம் முழங்கால் சேறு. உவாநாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. அமாவாசையில் ஓதம் உயர்ந்தாலும் ஒளி இராது; பௌர்ணமியில் இரண்டும் ஒருங்கே வாய்க்கும். சேற்று நண்டு இரவில் இரைதேடி வெளிவருவது. ஆகவே அதனைப் பிடித்துண்போர்க்கு இரவே வேலைநேரம். இன்றைய வழிகாட்டி பயணிகளுக்கு உரைக்கும் விதிகள், நீர் திரும்புமுன் வெளியேறுக, தாழ்ந்த கிளையைக் கையால் பற்றாதே என்பன, ஒரு காலத்தில் வயிற்றுப்பாட்டின் விதிகளாக இருந்தவையே.

இந்நீர் எல்லைக்கோடானது 1824-இல். அவ்வாண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரும் அதைச் சூழ்ந்து 10 மைல் தொலைவிற்குள் அடங்கும் தீவுகளும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமையாயின. 1927-இல் நீரிணையின் ஆழமான கால்வாயின் நடுவே எல்லை வகுக்கப்பட்டது. இடைப்பட்ட நூறாண்டில் ஜொகூர்க் கரையும் உருமாறிற்று. 1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றுரிமைச் சீட்டுகள் வழங்க, சீனக் குடியேறிகள் தெப்ராவ் ஆற்றங்கரையில் மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், காடு விறகாயிற்று. 1855-இல் எழுந்த தஞ்சோங் புத்திரி 1866-இல் ஜொகூர் பாரு ஆயிற்று. காலாங் ஆற்றில் வாழ்ந்த மற்றொரு படகுக்குடி பூலாய் ஆற்றுக்கு அகற்றப்பட்டு, அம்மையால் 100 குடும்பங்கள் 8 ஆகக் குறைந்த செய்தியையும் 1847-இல் லோகன் பதிவுசெய்துள்ளார். அந்த ஒரு வரிக்கு நம் பாடநூல்களில் இடமில்லை.

1923-இல் கடற்பாலத்தின்மீது தொடர்வண்டி ஓடியது. கல்லால் நிரப்பிய அணை நீரிணையை இரண்டாகத் தடுத்தது. சிறுபடகுகளுக்கென மதகுவழி ஒன்று வைத்தனர். 1942 சனவரி 31-இல் ஆங்கிலேயர் பாலத்தைத் தகர்த்தபோது அதுவும் அழிந்தது, மீளவில்லை. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 8 இரவு, சப்பானியப் படைகள் படகுகளில் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் வடமேற்குக் கண்டற் கரையில் இறங்கின. மறுநாள் இரவு கிராஞ்சியில் இறங்கியோருள் பலர் ஓதத்திலும் சேற்றிலும் வழிதவறினர். துப்பாக்கி இருந்தது; வழிகாட்டி இல்லை. 1943 செப்டம்பர் 26 இரவோ, மேஜர் ஐவன் லயன் தலைமையில் ஆறு பேர் மூன்று மடக்குக் கயாக்குகளில் வந்து சிங்கப்பூர்த் துறைமுகத்துக் கப்பல்களில் வெடிகளைப் பொருத்தித் திரும்பினர். வீரச்செயல்தான், ஐயமில்லை. ஆனால் உள்ளூரார் மீதே சப்பானியர் ஐயுற்று, அக்டோபர் 10-இல் தொடங்கி 57 பேரைச் சிறைப்பிடித்தனர். சித்திரவதையில் 15 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர்கூட அந்தக் கயாக்கைக் கண்டவரல்லர்.

1965-க்குப் பின் இரு கரைகளும் இரு நாடுகள். சிலேத்தார் குடும்பங்கள் ஜொகூர்ப் பக்கமே நிலைத்தன: மேற்கே சிம்பாங் ஆராங், சுங்கை தெமோன், கிழக்கே கோலா மாசாய், தெலுக் ஜாவா, கோங் கோங். 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்தது. தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் கண்டல் இருந்த இடத்தில் எழுந்தன. 2003-இல் சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப் ஆகிய மூன்று கண்டற் பகுதிகள் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கிழக்குக் கரைக்கு வாய்த்தது வேறு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கயாக் பயணிக்கு ஆறு மாசுற்றால் ஒரு பயணம் தவறும். நண்டும் கூப்பாங் சிப்பியும் எடுத்து வாழ்பவனுக்கு அது அடுப்பை அணைக்கும்.

சுங்கை தெமோன், பக்கார் பத்து மக்கள் 2012-இல் தம் மரபுநிலத்திற்காக வழக்குத் தொடுத்தனர். படகிலேயே வாழ்ந்தவர்க்கு நிலத்தில் என்ன உரிமை என்ற கேள்விக்கு அவர்கள் விடைசொல்ல வேண்டியிருந்தது. புதைகுழிகள் எங்குள்ளன, எந்த ஓடையில் எந்தக் காலத்தில் நண்டு பிடித்தோம் என்பவையே அவர்தம் பத்திரங்கள். 2017-இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்களது மரபுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தாம்சன் 40 படகுகளை எண்ணி எழுதிய ஆண்டிலிருந்து அத்தீர்ப்பு வரை 170 ஆண்டுகள்.