500 யூனிட்டா, 501-ஆ? ஒரே யூனிட்டில் ரூ.243 வித்தியாசம்... கரண்ட் பில் முதல் கேஸ் வரை வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஆவடியில் வாடகை வீடு, பூந்தமல்லியில் பிள்ளைகளுக்குப் பள்ளி. சென்னையின் மேற்குப் புறநகரில் பல குடும்பங்களின் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. வாடகையையும் ஸ்கூல் ஃபீஸையும் நம்மால் குறைக்க முடியாது. ஆனால் கரண்ட், கேஸ், மளிகை இந்த மூன்றும் ஓரளவுக்கு நம் கையில்தான் இருக்கின்றன. எதில் கை வைத்தால் உண்மையிலேயே காசு மிச்சமாகும்? கணக்கோடு பார்க்கலாம்.

500 யூனிட் என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் எவ்வளவு கட்டுகிறோம் என்பது, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால்:

- 101 - 200 யூனிட்: ரூ.2.35
- 201 - 400 யூனிட்: ரூ.4.70
- 401 - 500 யூனிட்: ரூ.6.30

சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் ரூ.1,805.

இதுவே 501 ஆகிவிட்டால்? 101-200 யூனிட்டுக்கான ரூ.2.35 சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டுக்கும் ரூ.4.70 வீதம் கட்ட வேண்டும். 501-வது யூனிட்டுக்குத் தனியாக ரூ.8.40. மொத்தம் ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட் கூடியதால் ரூ.243 அதிகம்!

நாளுக்கு ஒரு யூனிட் குறைத்தால்..?

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் ரூ.2,544 வரும். தினமும் ஒரு யூனிட் குறைத்தால் 60 நாளில் 60 யூனிட் மிச்சம். பில் ரூ.1,805-க்கு இறங்கிவிடும். அதாவது ரூ.739 கையில் நிற்கும். அந்த ஒரு யூனிட் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஃபேன்: பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். தினமும் 15 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் வித்தியாசம். எல்லா ஃபேனையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள்.

ஹீட்டர்: 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட் காலி. தினமும் 15 நிமிடம் முன்பே ஆஃப் செய்தால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் மிச்சம்.

ஏசி: ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 18-ல் வைத்துப் போர்வை போர்த்துவதைவிட, 25 அல்லது 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடலாம். ஃபில்டரையும் மறக்காமல் கழுவ வேண்டும்.

மோட்டார்: ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். டேங்க் நிரம்பி வழிந்தால் தண்ணீரும் வீண், கரண்ட்டும் வீண்.

ஃப்ரிட்ஜ்: சூடு ஆறாத குழம்பை உள்ளே வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ராத்திரியில் ஃப்ரிட்ஜை ஆஃப் செய்யாதீர்கள். பாலும் மாவும் கெட்டால் அதைவிடப் பெரிய செலவு.

மீட்டரை நீங்களே பாருங்கள்

பில் வந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. கடைசியாக ரீடிங் எடுத்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, 30-வது நாள் மீட்டரைப் பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கவனம் தேவை. 45-வது நாளில் 375-க்குள் இருக்க வேண்டும். ரீடிங்கிலோ பில்லிலோ சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் சொல்லலாம்.

கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகுதா?

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். அதைக் கூடுதல் நாட்கள் ஓட்ட:

- பருப்பு, கொண்டைக்கடலையை முன்கூட்டியே ஊறவையுங்கள்.
- காய் நறுக்கி முடித்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.
- கொதி வந்ததும் 'சிம்'மில் வைத்து மூடி போடுங்கள். கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் வற்றும்.
- தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். நீலமாக எரிய வேண்டும்.

கேஸை மிச்சப்படுத்த இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா? இங்கேதான் கணக்கு தேவை. 300 யூனிட் ஓடும் வீட்டில் கூடுதல் யூனிட் ரூ.4.70-தான். 490-ல் நிற்கும் வீட்டில் அதே அடுப்பு 500 கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

ரேஷன் முதலில், மளிகை பிறகு

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25. தகுதியுள்ள அட்டைகளுக்கு அரிசி இலவசம். ரேஷன் பொருள் வாங்கிய பிறகு மளிகை லிஸ்ட் எழுதினால், இருப்பதையே மறுபடி வாங்கும் தப்பு நடக்காது.

காய்கறிக்கு நாலு வீடு சேர்ந்து கோயம்பேடு போய் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. ஆனால் கீரை, புதினா போல சீக்கிரம் வாடுவதை அன்றன்றைக்குத் தெருவிலேயே வாங்குவதுதான் லாபம்.

எங்கே ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது. முதலில் இன்றைக்கு மீட்டரில் இருக்கும் எண்ணை எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் அது படட்டும். ஸ்விட்சை யார் ஆஃப் செய்யவில்லை என்ற சண்டையும் பாதி குறையும்!