மல்லாந்தாள், மல்லாத்தினார்கள்

விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்க ஆயா ஆறு பிள்ளைகளையும் குத்தவைத்துத்தான் பெற்றாள். உத்திரத்திலிருந்து ஒரு கயிறு, முதுகைத் தாங்க ஒருத்தி. அவள் பேத்தியை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மேஜைமேல் மல்லாத்தி, கால் ரெண்டையும் தூக்கிவைத்தார்கள். 'உக்காந்துக்கறேனே' என்றிருக்கிறாள். 'படும்மா' என்று அதட்டல். மல்லாந்தாள் என்பது தன்வினை. மல்லாத்தினார்கள் என்பது பிறவினை. நாம் பேச வேண்டிய வரலாறு இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

உடற்கூற்றியல் நிற்கிற உடலிலிருந்து தொடங்குகிறது: நிமிர்ந்து, முகம் நேராக, உள்ளங்கை முன்னோக்கி. பிணமாக மேஜையில் கிடந்தாலும் நிற்பதாகவே கொள்ளணும். மல்லாந்து கிடப்பதன் மார்பு 'மேல்' அல்ல, 'முன்', தலைப்பக்கமே 'மேல்'. இடது என்றால் பார்க்கிறவரின் இடதல்ல, கிடக்கிறவரின் இடது. வலது சிறுநீரகத்துக்குப் பதிலாக இடதை எடுத்துவிடாமல் காப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. ஆக, திசைச்சொற்கள் உடலின் பக்கம் நின்று பேசுகின்றன.

இவற்றைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், முதலில் ஆங்கிலத்தில் கற்பித்து, 1860களில் தமிழுக்கு மாறினார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் வெளிவந்தது. மான்செல்லின் பிரசவ நூலும் தமிழானது. பெரிய காரியம்தான். ஆனால் கலைச்சொல் தமிழானதும் அதிகாரமும் கைமாறிவிடுமா? 'படும்மா' சுத்தமான தமிழ்தானே!

திசைச்சொல் உடலின் பக்கம் நிற்க, கிடத்தும் முறையோ மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் வாகாக அமைந்தது. காலைத் தூக்கிவைக்கும் அந்தக் கிடை, மூத்திரப்பைக் கல்லை அறுத்தெடுக்க ஏற்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரே கல்லறுப்பைத்தான் குறிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மோரிசோ பிரசவத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். நோயாளியின் உடல் மருத்துவப் பார்வைக்குரிய பொருளாவதை 1963இல் ஃபூக்கோ எழுதினார். பிரசவ மேஜை அதற்குக் கண்கூடான சாட்சி. இத்தனைக்கும் நிறைகர்ப்பிணி மல்லாந்தால் கருப்பையின் பாரம் நடுக்கோட்டுக்கு வலப்புறமாக ஓடும் பெருஞ்சிரையை அழுத்தும் என்று மருத்துவத்துக்கே தெரியும். அதனால்தான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. ஆயா பெற்ற ஆறில் தங்கியது மூன்று. ஆயுதம் போட்டு எடுக்கவும் தையல் போடவும் மல்லாந்த கிடை தேவைப்படலாம். 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த வட்டாரத்துக்குப் பெரிய பேறு. உலக சுகாதார நிறுவனமே 2018இல், நிமிர்ந்த நிலைகள் உட்பட, பிரசவ நிலையைப் பெண்ணே தேர்ந்துகொள்ள ஊக்குவிக்கணும் என்று பரிந்துரைத்திருக்கிறது. ஆயாவின் கயிறு திரும்ப வேண்டாம். அவளுடைய தன்வினை திரும்ப வேண்டும். தமிழில் மருத்துவம் கேட்கிற நாம், 'எப்படி இருந்தா உனக்குத் தோதா இருக்கும்மா?' என்ற கேள்வியையும் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறோமா?