காமெட் விமானமும் வங்கத்துக் கோடைப்புயலும்

1953ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், சனிக்கிழமை. மாலை நாலரை மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து காமெட் என்னும் ஜெட் விமானம் ஒன்று டில்லியை நோக்கிக் கிளம்பிற்று. சிங்கப்பூரில் புறப்பட்டு இலண்டனுக்குச் செல்லும் வழியில் அது கல்கத்தாவில் இறங்கியிருந்தது. பிரயாணிகளும் பணியாளர்களுமாக அதனுள் 43 பேர் இருந்தனர். ஆறு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்கத்தாவுக்கு வடமேற்கேயுள்ள ஜகல்கோரி என்னும் சிற்றூரில், இறக்கைகளை இழந்த விமானத்தின் உடற்பகுதி தீப்பற்றி எரிந்தவாறே விழுவதை மக்கள் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த நாளுக்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. சரியாக ஓராண்டுக்கு முன்னர், 1952 மே 2 அன்றுதான், உலகிலேயே முதன்முறையாகக் கட்டணம் செலுத்திய பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஜெட் விமானம் இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சென்றது. அதுவும் காமெட்டே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இவ்விமானம் கொழும்பு வரைக்கும் வரத் தொடங்கிற்று. தென்காசிச் சீமையில் இருப்பவர்களுக்குச் சென்னையைக் காட்டிலும் கொழும்பு நேர்க்கோட்டில் அருகாமையில் உள்ளது என்பதை மாணவர்கள் தேசப்படத்தில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். புதுமை நம் வாசலருகே வந்துவிட்ட காலம் அது.

பழைய விமானங்களினும் காமெட் எவ்வகையில் மேம்பட்டது? வேகம் ஒன்று, உயரம் மற்றொன்று. பிஸ்டன் எஞ்சின் பூட்டிய விமானங்கள் மேகங்களுக்கிடையே குலுங்கிக் குலுங்கிச் செல்ல, காமெட் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், வானிலைக் கொந்தளிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே, அமைதியாகப் பறந்தது. மழையும் இடியும் கீழே கிடக்கும், பிரயாணி மேலே நிம்மதியாகத் தேநீர் அருந்தலாம் என்பதே அதன் பெருமை. ஆயினும் மேகத்துக்கு மேலே செல்ல வேண்டுமானால் முதலில் மேகத்தைக் கடந்துதானே ஏறவேண்டும்? டம்டம்மில் எழும்பிய விமானம் ஏறிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில்தான் புயல் அதனை எதிர்கொண்டது.

வங்காளிகள் அப்புயலைக் 'கால்பைசாகி' என்பார்கள். வைசாக மாதத்துக் கேடு என்பது பொருள். வடமேற்கிலிருந்து வருவதால் ஆங்கிலேயர் 'நார்வெஸ்டர்' என்றனர். சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பக்கமிருந்து வறண்ட காற்று மேலே வருகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று கீழே நுழைகிறது. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் வெப்பம் அந்த ஈரக்காற்றை மேல்நோக்கித் தள்ள, பிற்பகலில் இடிமேகம் கோபுரம்போல் எழுகிறது.

குற்றாலம், அச்சன்புதூர்ப் பகுதிகளில் வாழும் மாணவர்களுக்குக் காற்று என்றால் சாரல் காலத்துக் காற்றே நினைவுக்கு வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் அக்காற்று பலமானதே; ஆனால் அது போக்கு அறிந்த காற்று. ஒரே திசையில் நாள்தோறும் வீசுவதால் அதற்கேற்ப நாம் குனிந்து நடக்கிறோம். சித்திரை மாதத்துப் பிற்பகலில் மலைப்பக்கமிருந்து திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும் கோடை இடியே கால்பைசாகிக்கு உறவு. வங்கத்துப் புயல் அதனைவிட மிகக் கொடியது.

இடிமேகத்துக்குள் விமானத்துக்குள்ள ஆபத்து பக்கவாட்டுக் காற்றினால் மாத்திரம் வருவதன்று. உள்ளே ஒரு தூண்போல் காற்று மேலே விரைகிறது; அதற்கு அடுத்தாற்போலவே மற்றொரு தூண் கீழே பாய்கிறது. முதலாவதில் நுழைந்த விமானம் தூக்கி எறியப்படுகிறது. மறுகணம் இரண்டாவதில் சிக்கிக் கீழே அழுத்தப்படுகிறது. விமானம் எவ்வளவு வேகமாகச் செல்கிறதோ அவ்வளவுக்கு இந்த அதிர்ச்சியும் மிகும். ஒரே பள்ளத்தில் மெதுவாக இறங்கும் கட்டைவண்டிக்கும் விரைந்து இறங்கும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அறிவோம். வேகத்தில் காமெட்டுக்கு நிகரான பிரயாணி விமானம் அன்று இல்லை.

இந்திய அரசாங்கம் விசாரணை மன்றம் ஒன்றை அமைத்தது. பேராசிரியர் நடேசன் சீனிவாசன் அதில் தொழில்நுட்ப நிபுணராகப் பங்குகொண்டார். சிதைவுகளில் பெரும்பகுதி திரட்டப்பட்டு, இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்னுமிடத்திலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் மீண்டும் பொருத்திப் பார்க்கப்பட்டது. வால்பகுதியில், விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் இடப்புறத் தகட்டின் முதுகெலும்பு போன்ற சட்டமே முதலில் முறிந்தது என்று தெரியவந்தது. இறக்கைகள் கீழ்நோக்கிய அழுத்தத்தால் ஒடிந்திருந்தன.

மன்றம் கூறிய முடிவு கருதத்தக்கது. இடிப்புயலினூடே பறக்கையில் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட பளுவினால் விமானத்தின் உடல் முறிந்தது. அப்பளு கடுங்காற்று வீச்சினால் வந்திருக்கலாம், அல்லது விமானி விமானத்தை மிகையாகத் திருப்பியதாலோ கட்டுப்பாட்டை இழந்ததாலோ வந்திருக்கலாம். இதுவே அதன் சாரம். இந்த 'அல்லது' என்ற சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததாகக் கூற மறுத்த சொல் அது. ஆயினும், வாய் திறந்து பதில் சொல்ல இயலாத ஒரு மனிதனின்மீது ஐயத்தின் நிழலைப் படியவிட்டதும் அதே சொல்தான்.

விமானியின் கைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அறியவேண்டும். கிணற்றில் நீர் இறைப்பவன் எட்டிப் பாராமலே, கயிற்றின் கனத்தைக் கொண்டு வாளி நிறைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவான். பழைய விமானங்களில் விமானிக்கும் அத்தகைய உணர்வு இருந்தது. பளு மிகுந்தால் கைப்பிடி கனக்கும். காமெட்டிலோ அத்தகடுகளை முற்றிலும் எண்ணெய் அழுத்த இயந்திரங்களே அசைத்தன. தகட்டின்மேல் எத்தனை பளு விழுந்தாலும் அது கைப்பிடிக்கு உள்ளபடி வந்து எட்டாது. தலைகீழாய்ப் பாயும் விமானத்தை நிமிர்த்த முயலும் ஒருவன், தான் அதனை ஒடித்துக்கொண்டிருப்பதை அறியாமலே ஒடித்துவிடக்கூடும்.

விமானிமேல் பழி விழுவது காமெட்டின் கதையில் புதிதுமன்று. 1952 அக்டோபரில் ரோமாபுரியில் ஒரு காமெட் தரையைவிட்டு எழாமல் ஓடி நின்றது, உயிர்ச்சேதம் இல்லை, குற்றம் விமானியுடையது என்றார்கள். 1953 மார்ச்சில் கராச்சியில் மற்றொரு காமெட் அதேபோல் எழமுடியாமல் நொறுங்கி 11 பேர் மாண்டனர். அதன் பிறகே இறக்கையின் முன்விளிம்பின் வடிவத்தை மாற்றினார்கள்.

கல்கத்தா விபத்துக்குப் புயல் என்ற கண்கண்ட காரணம் இருந்தமையால் காமெட்டுகள் தொடர்ந்து பறந்தன. எட்டு மாதங்கள் கழித்து, 1954 ஜனவரி 10 அன்று, ரோமாபுரியிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று எல்பாத் தீவின் அருகே வானிலேயே சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தனர். புயலுமில்லை, இடிமேகமுமில்லை. 1952 மே 2 அன்று முதற்பிரயாணிகளை ஏற்றிச்சென்ற அதே விமானம் இதுதான். காமெட்டுகளை நிறுத்தி, பல திருத்தங்களைச் செய்து, மார்ச் 23 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் நகரத்துக்கு அருகே இன்னொன்று சிதறி 21 பேர் மாண்டனர்.

அதன்பின் ஃபார்ன்பரோவில் சர் ஆர்னால்டு ஹால் என்பாரின் தலைமையில் நடந்த சோதனை விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்றது. முழு விமானம் ஒன்றைப் பெருந்தொட்டிக்குள் நிறுத்தி, இறக்கைகள் மாத்திரம் வெளியே நீண்டிருக்க, உள்ளும் புறமும் நீர் நிரப்பினார்கள். 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது விமானத்தின் உள்ளே ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்துக்குரிய காற்றழுத்தம் இருக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் எட்டேகால் பவுண்டு அழுத்தம் உள்ளிருந்து தள்ளுகிறது. பறக்கும்தோறும் உடல் விரிகிறது; இறங்கும்தோறும் சுருங்குகிறது. இதனையே நீரைக் கொண்டு இரவும் பகலும் மீண்டும் மீண்டும் நிகழ்த்தினர். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அவ்விமானம் தொட்டியில் 1,836 முறை தாங்கிப் பின்னர் கிழிந்தது. வெடிப்பு ஒரு திறப்பின் மூலையில் தொடங்கியிருந்தது.

இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திராத மாணவன் இருக்கமுடியாது. ஒருமுறை வளைத்தால் ஒடியாத கம்பி, பலமுறை வளைத்தால் ஒடிகிறது. இதனை உலோகச் சோர்வு என்கிறோம். காமெட்டைக் கட்டியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர், முன்னமே சோதித்துமிருந்தார்கள். ஆனால் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பகுதியை முதலில் மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அதனால் அதன் மூலைகள் இறுகி, மற்ற விமானங்களைவிட நெடுநாள் தாங்கின. தேர்வுக்கு உட்கார்ந்தவன் மட்டும் தனிப்பயிற்சி பெற்றவனாக இருந்ததைப் போன்றது இது.

'சதுர ஜன்னல்களால் காமெட்டுகள் விழுந்தன' என்று ஒரே வரியில் எழுதிவிடுவது இன்று வழக்கமாயிருக்கிறது. எல்பா விமானத்தின் வெடிப்பு தொடங்கிய இடம் பிரயாணியின் ஜன்னல் அன்று. மேற்கூரையில் வானொலிக் கருவிக்காக வைத்த சிறு திறப்பு அது. கல்கத்தா விமானத்தையும் அக்கணக்கிலேயே சேர்ப்பது சரியன்று. அங்கு முதலில் முறிந்தது வால். தொட்டியில் கிழிந்ததோ பிரயாணிகள் அமரும் உடல். எல்பாவின் விடை எத்துணை அழகாயிருப்பினும் அதனை ஜகல்கோரியின் கேள்விக்கு எழுதிவைக்கக் கூடாது என்பது என் கருத்து. அங்கே மாண்ட 43 பேருடைய கணக்கு புயலின் பெயரிலேயே இருக்கிறது.

அக்கணக்கினால் விளைந்தவை இரண்டு. பின்வந்த காமெட்டுகளில் வானிலை ராடார் பொருத்தினார்கள். தகட்டின்மேல் விழும் பளுவுக்கேற்பக் கைப்பிடி கனக்குமாறு செயற்கை உணர்வுக் கருவி ஒன்றையும் அமைத்தார்கள். புதிதாக வலுப்படுத்திய காமெட் 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக் மாகடலைக் கடந்து பிரயாணிகளைக் கொண்டுசென்றது. அதற்கு 22 நாட்களுக்குப் பின் அமெரிக்கரின் போயிங் 707 அதே கடலுக்கு மேலே சேவை தொடங்கிற்று. வாணிபப் போட்டியில் வென்றதும் அதுவே.

இன்று கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்ட அந்நகரின் விமான நிலையத்தில், வைசாக மாதத்து மாலையில் வடமேற்கு இருண்டு ராடார் திரையில் மேகத்தின் உருவம் தெரிந்துவிட்டால், விமானங்கள் கிளம்பாமல் தரையிலேயே நிற்கின்றன. கால்பைசாகி பெரும்பாலும் நெடுநேரம் நிலைப்பதில்லை. அது கடலை நோக்கிக் கடந்து சென்றபின், நனைந்த ஓடுபாதையிலிருந்து ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன.